முந்நீர்ப் பிரிவும் கிறித்து பிறப்பு விழாவும்

பிரிவு பற்றிய அகப்பாட்டுகளில் விழாவுக்குத் தனியிடம் உண்டு. அகநானூற்றின் 141ஆம் பாட்டில் நக்கீரர் படைத்த தலைவி, கார்த்திகை விளக்கீட்டுக்குத் தலைவன் வந்துவிட வேண்டும் என்று விழைகிறாள். பாலைக்கலியில் காமன் விழா இவ்வாறே நினைக்கப்படுகிறது. பிரிந்தவன் இன்றியும் நாட்கள் கழியும். உணவும் உறக்கமும் ஒருவாறு நடைபெறும். ஆயின் விழாநாள் வந்ததும் பிரிவின் நீளம் வெளிப்பட்டுவிடும். ஊரெல்லாம் விளக்கேற்றும்பொழுது ஒரு வீட்டின் இருள் மிகுதியாகத் தோன்றும். ஆதலின் விழாவைப் பிரிவின் அளவுகோல் என்று கூறலாம்.

இவ்வளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் யார்? அகப்பாட்டுகளில் பெரும்பாலும் வீட்டில் இருப்பவளே வைத்திருக்கிறாள். சென்றவன் இடைச்சுரத்தில் அவளை நினைந்து தன் நெஞ்சொடு பேசுவான். பாசறையில் உறக்கமின்றி இருப்பான். ஆயின் தன் ஊர் விழாவை எண்ணி நாட்கணக்குப் பார்ப்பவள் அவளே. சென்ற இடத்தில் ஒருவன் தன் விழாவைத் தனியே கொண்டாடும் நிலையை அகமரபு விரித்துரைக்கவில்லை. வேற்று நாட்டிலிருந்து தமிழகத்துக்கு வந்தவருடைய பிரிவோ பாடுபொருளாகவே இல்லை. முல்லைப்பாட்டு முழுவதும் பிரிவைப் பாடுவது. அரசியின் காத்திருப்பும் அரசனது பாசறை நிலையும் அதில் நுட்பமாக அமைந்துள்ளன. அதே பாசறையில் யவனரும் மிலேச்சரும் காவல் புரிகின்றனர். தம் நாட்டை விட்டு அரசனினும் நெடுந்தொலைவு வந்தவர் அவர்களே. அவர்களுடைய உடையும் உடற்கட்டும் புலவர் கண்ணுக்குப் படுகின்றன. நாவால் பேசாமல் உடற்குறியால் தம் கருத்தை உணர்த்துவதும் படுகிறது. அவர்களுக்கும் ஒரு வீடு உண்டு, அங்கும் ஒருத்தி காத்திருப்பாள் என்பது மட்டும் பேசப்படவில்லை. பட்டினப்பாலை, புலம்பெயர்ந்து வந்த பன்மொழி மக்கள் புகாரில் கலந்து இனிது வாழ்ந்தனர் என்று கூறுகிறது. அவ்வினிமை காண்போர் கண்ட இனிமை. வந்தவர் உள்ளம் அங்கும் திறக்கப்படவில்லை.

பேசாத அந்நாவுக்குப் பிற்காலத்தில் சில சான்றுகள் கிடைக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டு முதல் செங்கற்பட்டு, மாமல்லபுரக் கடற்கரையிலும் அதனை அடுத்த துறைகளிலும் வாழ்ந்த ஐரோப்பியர் தம் வீட்டையும் சுற்றத்தையும் விட்டு இங்கே கழித்த கிறித்து பிறப்பு விழாக்களே அவை. அவற்றைத் தமிழ்ப் பொருளிலக்கணத்தின் துணைகொண்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணம் வகுத்த எல்லை

தொல்காப்பியர் பிரிவுக்குக் காரணமும் காலமும் வகுத்துள்ளார். கல்வி பற்றிய பிரிவு மூன்றாண்டைக் கடத்தலாகாது. வேந்தன் பொருட்டுப் பிரிதலும் ஏனைப் பிரிவுகளும் ஓராண்டுக்குள் அடங்கும் என்பது கற்பியலால் பெறப்படும். அகத்திணையியலில் முந்நீர் வழக்கம் மகளிரொடு நிகழ்வதில்லை என்று ஒரு வரையறை உண்டு. இளம்பூரணர் அதனைக் கடல்வழிச் செலவு என்று கொண்டார். நச்சினார்க்கினியர் ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைப் பிரிவைக் குறிப்பதாகக் கொண்டார். உரை எதுவாயினும் முடிபு ஒன்றே: ஆடவன் செல்வான், மனையோள் இருப்பாள்.

ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கும்பினி 1602இல் தோன்றியது. அதன் ஒப்பந்தத்தை இவ்விலக்கணத்தோடு ஒப்பிடுதல் பயனுடையது. படைவீரர்க்கு ஐந்தாண்டு, கப்பலோட்டிகட்கு மூன்றாண்டு என்று கும்பினி பணிக்காலம் வகுத்திருந்தது. கடலில் செல்லவும் மீளவும் ஆகும் காலத்தை எண்ணினால் பிரிவு மேலும் நீளும். கடைநிலைப் பணியாளர் மனைவியரை உடன் அழைத்து வரும் வழக்கம் இல்லை. பொருள்வயிற் பிரிவு என்னும் துறையில் இவர்களை அடக்கலாம்; ஆயின் துறைக்குரிய கால எல்லையை இவர்கள் முதல் கப்பலிலேயே கடந்துவிட்டனர். மற்றோர் எல்லையும் கடக்கப்பட்டது. பிரிந்தவன் மீள்வான் என்பது அகத்தின் அடிப்படை. தோழி தலைவியை வற்புறுத்தி ஆற்றுவிப்பது அந்நம்பிக்கையால்தான். கும்பினி நடைபெற்ற ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் அதன் கப்பல்களில் ஆசியாவுக்குப் புறப்பட்டவர் சுமார் பத்து இலட்சம் பேர். மீண்டவர் அவருள் பாதிக்கும் குறைவு.

சதுரங்கப்பட்டினம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டிய கடற்கரையில் சதுரங்கப்பட்டினம் உள்ளது. ஐரோப்பியர் அதனைச் சதராசு என்றனர். பெரும்பாணாற்றுப்படையில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறையை இப்பகுதியில் வைத்துக் காணும் ஆய்வாளர் உளர். வானளாவிய மாடத்தில் இரவில் ஏற்றிய தீ, கடலில் ஓடும் கலங்களை அழைத்த துறை அது. பிற்காலத்தில் அக்கரைக்கு வந்த கலங்களுள் ஒல்லாந்தருடையவையும் அடங்கும். இப்பகுதி நெசவாளர் நெய்த மெல்லிய பருத்தித் துணியே அவர்களை ஈர்த்த பொருள். செங்கற்கோட்டை ஒன்றும் பண்டகசாலையும் அமைத்து அவர்கள் வணிகம் செய்தனர். 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். 1818இல் அது மீண்டும் ஒல்லாந்தரிடம் வந்தது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் முற்றிலும் ஆங்கிலேயர்க்கு உரியதாயிற்று.

கோட்டையில் இன்று எஞ்சியிருப்பனவற்றுள் கருதத்தக்கவை கல்லறைகளே. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அக்கற்களில் குலச்சின்னமும் ஒல்லாந்த மொழி எழுத்தும் ஆழச் செதுக்கப்பட்டுள்ளன. சோழமண்டலக் கரையில் உள்ள ஒல்லாந்தக் கல்லறை எழுத்துகளுக்கு ஒரு பொது வடிவம் உண்டு. பெயர், வகித்த பதவி, பிறந்த ஊர், இறந்த நாள் என அவை தொடரும். பலவற்றில் அகவை ஆண்டு, திங்கள், நாள் என எண்ணிக் காட்டப்பட்டிருக்கும்.

நம் நடுகற்களோடு இவற்றை ஒப்பிட்டுக் காணலாம். நடுகல்லில் வீழ்ந்தவனுடைய பெயரும் பெருமையும் பொறிக்கப்படும் என்று சங்கப் பாட்டுகள் கூறும். பாலை நிலத்து வழியில் அத்தகைய கற்கள் நிற்கும். பொருள் தேடிச் செல்லும் தலைவன் அவற்றைக் கடந்து செல்வான். மீளாதவருடைய கற்களினூடே மீளவேண்டியவன் நடந்து செல்வது அப்பாட்டுகளின் அச்சத்தை மிகுவிக்கும். சதுரங்கப்பட்டினத்தில் பணிபுரிந்தவனும் ஒவ்வொரு விழாநாளிலும் அத்தகைய கற்களுக்கு அருகிலேயே வழிபட்டான். வேறுபாடு ஒன்று: நடுகல் வீழ்ந்த இடத்தின் பெருமையைக் கூறும், கல்லறையோ பிறந்த ஊரின் பெயரைக் கூறும். நாட்கணக்கு அங்கே கல்லில் ஏறிவிட்டது.

அடைபட்ட கடல்

முல்லைத் திணையில் மழை நம்பிக்கைக்குரியது. கார்ப்பருவம் தொடங்குமுன் மீள்வேன் என்று தலைவன் கூறிச் செல்வான். முதல் மழை விழுந்ததும் தலைவி வழிநோக்குவாள். வினை முற்றிய தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் கூறுவான். தரைவழிச் செலவுக்கு ஏற்ற மரபு அது.

சோழமண்டலக் கரையின் கடல்வழிக்கு இம்மரபு தலைகீழாக அமைந்தது. சதுரங்கப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் படகுகளில் அலையைக் கடந்து கரை சேர வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் அந்நிலையில் நிற்பது பேரிடர். 1746 அக்டோபரில் சென்னைக்கெதிரே நின்ற பிரெஞ்சுக் கப்பற்படையைப் புயல் சிதைத்தது. ஆதலால் அக்டோபர் நடுவிலேயே கப்பல்கள் கரையை விட்டு நீங்கிவிடும். திசம்பரின் பிற்பகுதியிலோ சனவரியிலோதான் மீண்டும் வரத்தொடங்கும். இங்கு மழை தலைவனைக் கொணர்வதில்லை. அவனுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட வழியை அடைத்துவிடுகிறது. கிறித்து பிறப்பு விழா அவ்வடைப்பின் இறுதியில் வந்தது. பல வாரமாக மடல் ஏதும் வாராத நிலையில், அடுத்த கப்பலில் அனுப்பும் மடலை எழுதும் காலமாக அது அமைந்தது.

ஐரோப்பாவுக்கு ஒரு மடல் சென்று சேர ஆறு முதல் எட்டுத் திங்கள் ஆகும். விடை வர ஒன்றரை ஆண்டுக்குக் குறையாது. இத்தொலைவை ஒரு வரலாற்று நிகழ்ச்சி தெளிவாக்கும். இங்கிலாந்து 1780 திசம்பர் 20 அன்று ஒல்லாந்தின்மீது போர் அறிவித்தது. ஐந்து நாள் கழித்துச் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் கிறித்து பிறப்பு நாள் வந்தது. சென்னை ஆங்கிலேயர் அன்று தமக்குப் பகைவர் என்பதை அங்கிருந்தோர் அறிந்திருக்க வழியில்லை, சென்னையிலிருந்தோரும் அறியார். செய்தி கடல் கடந்து வந்த பின்னர், 1781இல் கோட்டை வீழ்ந்தது. ஐதர் அலியின் படையெடுப்பால் உள்நாடு கலங்கியிருந்த அவ்வாண்டில், இறுதி அமைதி விழாவை அஃது இறுதி என்று அறியாமலே அவர்கள் கழித்தனர்.

அக்காலத்தில் அங்குக் கும்பினி எழுத்தராகப் பணிபுரிந்தவர் யாக்கோபு ஹாப்னர். செருமானிய நாட்டு ஹாலே நகரில் 1754இல் பிறந்த இவர், இளமையிலேயே கப்பல் மருத்துவரான தந்தையுடன் கடலேறினார். தந்தை வழியிலேயே இறந்தார். சதுரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1782ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்தை நேரிற் கண்டார். பின்னர்த் தப்பித் தரங்கம்பாடி வழியாக இலங்கை சேர்ந்தார். ஐரோப்பாவுக்கு மீண்டு ஆம்சுடர்டாமில் 1809இல் இறந்தார். இறப்பதற்கு முன்னைய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட பயண நூல்கள் சோழமண்டலக் கரையையே ஏக்கத்தோடு விரித்துரைக்கின்றன. சிறு அகவையில் வீட்டைப் பிரிந்தவனுக்குச் சென்ற இடமே வீடாகி, மீண்ட இடம் பிரிவாகிவிட்டது. தலைவன் மீள்வதோடு பிரிவு முடியும் என்னும் கொள்கைக்கு இவர் வாழ்வு ஒரு புறனடை.

ஒரு கரை, இரு விழா நாட்கள்

வீட்டிலுள்ளோர் கொண்டாடும் அதே நாளில் நாமும் கொண்டாடுகிறோம் என்பது பிரிந்தவர்க்கு ஓர் ஆறுதல். அவ்வாறுதலும் எளிதாக இருக்கவில்லை. போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரிகோரி 1582இல் திருத்திய நாட்காட்டியைப் போர்த்துக்கீசரும் ஒல்லாந்து மாகாணத்தாரும் உடனடியாகவே ஏற்றனர். தேனியரும் செருமானியச் சீர்திருத்தச் சபையாரும் 1700இல் ஏற்றனர். ஆங்கிலேயரோ 1752 வரை ஏற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரு நாட்காட்டிகளுக்கும் இடையே பதினொரு நாள் வேறுபாடு இருந்தது.

இதன் விளைவைத் தமிழ்த் திங்களில் வைத்துக் கண்டால் தெளிவாகும். சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தருக்குக் கிறித்து பிறப்பு நாள் மார்கழியின் நடுவில் வந்தது. ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் வடக்கே சென்னைக் கோட்டை ஆங்கிலேயருக்கு அதே விழா மார்கழியின் கடைசியில், பொங்கலுக்குச் சில நாள் முன்னர் வந்தது. ஒருவர் விழா முடித்துப் பணிக்குத் திரும்பிய பின்னரே மற்றவர் விழா தொடங்கியது. எனினும் ஒவ்வொருவரும் தம் நாட்டு வீட்டில் மணியடிக்கும் நாளையே கைக்கொண்டனர். அயலில் இருக்கும் ஐரோப்பியனோடு ஒத்திருப்பதைவிட அறுதிங்கள் தொலைவிலுள்ள வீட்டோடு ஒத்திருப்பதே விழாவின் பொருளாக இருந்தது என்பது இதனால் விளங்கும்.

தரங்கம்பாடிச் சிறை, 1708

சதுரங்கப்பட்டினத்துப் பணியாளர் விழாநாளில் கொண்ட எண்ணத்தைக் கல் கூறாது. அதே கரையில் தெற்கே தேனியரின் தரங்கம்பாடியில் வாழ்ந்த ஒருவர் நிலை சற்றுத் தெளிவாகத் தெரிகிறது. அவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. 1682இல் பிறந்து, 1706 சூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கியவர். கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட பிணக்கால் 1708 நவம்பரில் சிறைப்பட்டு, 1709 மார்ச்சில் விடுதலை பெற்றார். ஆகவே 1708ஆம் ஆண்டின் கிறித்து பிறப்பு நாளை இருபத்தாறு அகவையில், தம் இனத்தார் கட்டிய கோட்டையிலேயே அவர் சிறையிலிருந்து கழித்தார் என்பது பெறப்படும். வேற்று நாட்டில் இருத்தல் ஒரு பிரிவு. அங்குள்ள தம் நாட்டாரிடமிருந்தும் பிரிக்கப்படுதல் மற்றொரு பிரிவு.

தமிழாய்வாளர் கருதவேண்டியது ஒன்றுண்டு. சிறைப்பட்ட அதே ஆண்டில்தான் சீகன்பால்கு நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். விவிலியப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் பணியும் அவ்வாண்டு அக்டோபரிலேயே தொடங்கியது. கொன்றைவேந்தன் தாய் தந்தையரைத் தெய்வமாகக் கூறித் தொடங்குவது. கடல் கடந்தும் பொருள் ஈட்டுமாறு ஏவும் அடியும் அதில் உண்டு. வீட்டை நினைப்பூட்டும் அடியும் வீட்டை விட்டுப் போகச் சொல்லும் அடியும் ஒரே சிறுநூலில் இருப்பதைத் தமிழர் வியப்பதில்லை. சிறுவயதிலேயே இரண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுகிறோம். வந்தவர் கண்ணோடு படித்தால் அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு புலப்படும்.

விழா மொழிமாறிய வகை

பிரிந்தவர் விழா வந்த இடத்தில் மாறாது இருப்பதில்லை. அதற்கு முதற்சான்று தேம்பாவணி. இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் இந்நூலை 1726இல் இயற்றினார். தாய்நாடு மீளாமலே 1747இல் மறைந்தார். கிறித்து பிறப்பு வரலாறே வீட்டுக்கு வெளியே நிகழ்ந்த பிறப்பின் வரலாறு. சூசை தம் முன்னோர் ஊரான பெத்தலேகத்துக்குச் செல்கிறார். முன்னோர் ஊரிலேயே தங்க இடமின்றித் தொழுவத்தில் குழந்தை பிறக்கிறது. இதனைப் பாடவந்த முனிவர் யூதேயா நாட்டைத் தம் இத்தாலியைப்போல் அமைக்கவில்லை. மழை பொழிந்து ஆறு பெருகி நெல் விளையும் தமிழ் மருதமாக அமைத்தார். காப்பிய மரபு அதனை வேண்டிற்று என்பது உண்மை. ஆயினும் வேற்று நிலத்தில் இருந்தவர் அந்நிலத்தையே திருநிலமாக்கிக் கொண்டார் என்பதும் உண்மை. தஞ்சை வேதநாயக சாத்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் அப்பணி தமிழர் கையாலேயே நிறைவெய்தியது.

இரண்டாவது சான்று ஒரு சொல். இலங்கைத் தமிழர் இவ்விழாவை நத்தார் என்பர். பிறப்பு என்னும் பொருள்படும் போர்த்துக்கீசச் சொல்லான நத்தால் என்பதன் திரிபு அது. இறுதி லகரம் ரகரமானது, அடியார், பெரியார் போன்ற உயர்வுப் பன்மைச் சொற்களின் ஒப்புமையால் எனக் கருதலாம். போர்த்துக்கீசர் ஆட்சி இலங்கையில் 1658இல் முடிந்தது. அவர்கள் வீட்டை நினைந்து சொன்ன சொல், அவர்கள் வீட்டைக் காணாத மக்களின் வீட்டுச் சொல்லாக இன்றும் வாழ்கிறது.

மூன்றாவது சான்று செங்கற்பட்டுக்கு உரியது. அந்நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்விப் பணி புரிந்தவர் சுகாட்லாந்துத் திருச்சபையினர். அவர்கள் நாட்டில் இவ்விழா பெருவிழா அன்று. சுகாட்லாந்து 1640ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் இவ்விழா விடுமுறையை நீக்கியது. அங்கு அது பொது விடுமுறையானது 1958இல்தான். கத்தோலிக்கராலும் லுத்தரனியராலும் தமிழகத்தில் இவ்விழா அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. ஆகவே சுகாட்லாந்தினர், தம் வீட்டில் பெரிதாக இல்லாத விழாவை வேற்று நாட்டில் பெரிதாகக் கண்டனர். விழா எப்போதும் வீட்டிலிருந்து கொண்டுவரப்படுவது அன்று. சில வேளை பிரிவிலேயே அது வளர்கிறது.

இது தமிழர்க்கும் பொருந்தும். மொரீசியசில் தைப்பூசக் காவடி நாட்டு விடுமுறை நாள். மலேசியாவில் பினாங்கு முதலிய மாநிலங்களிலும் தைப்பூசத்துக்கு விடுமுறை உண்டு. தமிழ்நாட்டில் தைப்பூசம் அரசு விடுமுறையானது 2021இல்தான். கரும்புத் தோட்டத்துக்கும் இரப்பர்த் தோட்டத்துக்கும் கடல் கடந்து சென்றவர் கைக்கொண்ட விழா, அங்கே தாய்நிலத்தினும் முன்பாக அரசு ஏற்பைப் பெற்றது. அவர்கள் விழாவில் பெருங்கூட்டம் கூடுவதை மகிழ்ச்சியின் அளவாக மட்டும் கொள்ளுதல் ஆகாது. பிரிவின் அளவும் அதில் உண்டு.

முடிவு

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். விழா பிரிவின் அளவுகோல் என்னும் அகமரபுக் கருத்து, அம்மரபு பாடாத வேற்று நாட்டார்க்கும் பொருந்துகிறது. கடல்வழிப் பிரிவு, தரைவழிப் பிரிவுக்கு அமைந்த கால எல்லையையும் மழை பற்றிய நம்பிக்கையையும் மீளும் உறுதியையும் மாற்றிவிடுகிறது. ஆதலின் முந்நீர் வழக்கத்தைத் தொல்காப்பியர் தனியே எடுத்துரைத்ததன் அருமை மேலும் விளங்குகிறது. பிரிந்தவர் விழா, வந்த நிலத்தின் மொழியையும் உருவையும் பெற்று, ஈற்றில் அந்நிலத்தாரின் விழாவாகிறது.

வந்த ஐரோப்பியர் வணிகராகவும் ஆள்வோராகவும் இந்நாட்டுக்கு இழைத்த தீங்கு வரலாற்றில் உண்டு; அதனை மறைத்தல் ஆராய்ச்சி ஆகாது. சதுரங்கப்பட்டினத்துக் கல்லறையில் கிடப்பவரைக் கும்பினி ஆட்களாக மட்டும் எண்ணுதலும் முழுமை ஆகாது. இன்று பொருள்வயிற் கடல் கடந்து, பொங்கலையும் தீபாவளியையும் கிறித்து பிறப்பு விழாவையும் வளைகுடா நாடுகளிலும் கப்பல்களிலும் தனியே கழிப்பவர் தமிழரே. வீட்டிலிருப்பவள் கூற்றை ஈராயிரம் ஆண்டாகப் போற்றிய நம் இலக்கியத்துக்குச் சென்றவன் கூற்றையும் ஏற்கும் இடம் வேண்டும். அதற்குரிய துறைப்பெயர் நூற்பாவில் இல்லாவிடினும், அதற்குரிய சான்று கடற்கரையில் கல்லாகவும் நம் வீடுகளில் மடலாகவும் கிடக்கிறது.